டிவியில பழம்பொருளுக்கு விலை சொல்லி, அதே மேடையில ஏலமும் விடச் சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

ஈட்டிமரம் (புதுச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா காலத்துலேர்ந்து பழைய மரச்சாமான் கடை நடத்துறோம். இந்த இழையில உங்க யோசனை வேணும்.

ஒரு சேனலுக்கு நிகழ்ச்சி பண்ணிக் கொடுக்கிற குழு கடைக்கு வந்து பேசினாங்க. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் ஊர் ஊரா மண்டபம் பிடிப்பாங்களாம். சனங்க வீட்டுல இருக்கிற பழைய சாமானைக் கொண்டு வருவாங்க. நான் பார்த்து, இது என்ன, எந்தக் காலத்துது, என்ன விலை பெறும்னு சொல்லணும். கொண்டுவந்தவருக்குச் சம்மதம்னா அங்கேயே நானே சுத்தியல் எடுத்து ஏலம் விடணும். "பிபிசியில 1979லேர்ந்து ஓடுற ஆன்டிக்ஸ் ரோட்ஷோ மாதிரி, ஆனா நம்ம ஊருக்கு விறுவிறுப்பா"ன்னு சொல்றாங்க.

எனக்கு ஆசை இருக்கு, மறைக்கல. மிஷன் வீதிக்கு அந்தாண்ட போனா மாசத்துக்கு ஒரு பழைய வீடு இடியுது. ஈட்டிக் கட்டிலோட கால் விறகுக்கடையில கிடக்குது. பித்தளைக் குத்துவிளக்கு எடைக்குப் போகுது. டிவியில ஒருத்தன் நின்னு "இதைப் போடாதீங்க, இதோட அருமை இது"ன்னு சொன்னா நூறு வீட்டுலயாவது கை நிக்கும்.

ஆனா மனசு ஒப்பாத இடம் ஒண்ணு இருக்கு. விலை சொல்றவன், ஏலம் விடறவன், சொந்தமா கடை வச்சு வாங்கி விக்கிறவன், மூணும் நானே. இது சரியா?

---

கேமராவுக்குப்பின் (சென்னை, சொந்த ஊர் பண்ருட்டி)

அண்ணே, நான் ரியாலிட்டி ஷோக்கள்ல வேலை பார்த்தவன். முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்த்துக்கோங்க. ஆன்டிக்ஸ் ரோட்ஷோவுல ஏலமே கிடையாது. பொருளைக் கொண்டு வருவாங்க, நிபுணர் பேசுவார், விலை சொல்வார், அவங்க பொருளைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. ஏலத்தோட வர்ற நிகழ்ச்சி வேற வகை. 2000த்துல வந்த பார்கெயின் ஹன்ட்டும் 2002ல வந்த ஃப்ளாக் இட்டும் அப்படி. அதுலயும் பொருளை வாங்குறதோ விலை மதிப்பிடுறதோ ஒரு நாள், ஏலம் இன்னொரு நாள், அந்த ஊர்ல ஏற்கெனவே நடக்கிற ஏலக்கூடத்துல. அங்க உட்கார்ந்திருக்கிறவங்க டிவிக்காக வந்தவங்க இல்ல, வாங்க வந்தவங்க. கேமரா ஓரமா நின்னு படம் பிடிக்கும், அவ்வளவுதான்.

உங்ககிட்ட கேக்கிறது மூணையும் ஒரே மேடையில அடைக்கிற கதை. ஏன் அப்படிக் கேக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் ஷூட்டிங் வச்சா செலவு இரட்டிப்பு. அதோட, காதுல மாட்டியிருக்கிற இயர்போன்ல "சார், கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க, அந்தம்மா முகம் மாறணும்"னு குரல் வரும். அந்த முகம் மாறுறதுதான் அடுத்த வார புரோமோ. விளக்கு சுடும், மண்டபம் முழுக்கப் பார்க்கும், மறுக்கிறதுக்கு அந்த நேரத்துல நாக்கு எழாது. அதனால எதை மறுப்பீங்கன்னு இப்பவே எழுதி வாங்கிடுங்க.

---

பாரிஸ்புதுவை (இப்போது பாரிஸில், வீடு புதுவையில்)

தம்பி, விலை சொல்பவரே ஏலம் விடக்கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பிரான்ஸில் அதற்கென்றே ஒரு தொழில் உண்டு: கொமிஸேர் பிரிஸேர். பொருளை மதிப்பிடுவதும் அவர்தான், சுத்தியல் பிடிப்பதும் அவர்தான். 1556இல் இரண்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் ஏற்பட்ட பதவி. 2000ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஏலம் விடும் ஏகபோக உரிமை அவர்களிடம்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு எனக்குப் பொழுதுபோக்கே த்ருவோ ஏலமாளிகைதான். 1852இலிருந்து இருக்கிறது. ஏலத்துக்கு முந்தின நாளே எல்லாப் பொருளையும் கூடத்தில் பரப்பி வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், இழுப்பறையைத் திறக்கலாம், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கலாம். மறுநாள் ஏலம் தொடங்கும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப்பேர் பொருளைத் தொட்டுப் பார்த்தவர்கள். ஒரு முறை சுத்தியல் விழுந்த பிறகு பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து, அரசு சார்பாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கே அந்த உரிமை அரசுக்கு உண்டு. விழுந்த விலைக்கே அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும், 15 நாளில் உறுதிசெய்ய வேண்டும். வாங்கியவர் முகம் வாடிவிட்டது. ஆனால் கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இரண்டு வேலையையும் ஒருவரே செய்யலாம் என்று விட்டதற்கு அங்கே விலையாகக் கொடுத்தது கடுமையான கட்டுப்பாடு. ஏலம் நடத்துபவர் தன் ஏலத்தில் தனக்காக வாங்கக்கூடாது. சொன்னது தவறென்று தெரிந்தால் விற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை வழக்குப் போடலாம். 1981இல் வந்த ஓர் ஆணை இன்னும் நுணுக்கமானது. ஒரு மேசை பதினைந்தாம் லூயி காலத்தது என்று பட்டியலில் எழுதினால் அது அந்தக் காலத்தில் செய்ததாகவே இருக்க வேண்டும். பிற்பாடு அந்தப் பாணியில் செய்தது என்றால் பாணி என்றுதான் எழுத வேண்டும்.

நம்மூர்க் கடைகளில் "பிரெஞ்சுக்காரன் கப்பல்ல கொண்டாந்தது" என்று சொல்லி விற்கும் அலமாரிகளில் பெரும்பாலானவை நம்மூர் ஆசாரிகள் நம்மூர் ஈட்டியிலும் தேக்கிலும் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துச் செய்தவை. அதில் என்ன குறைச்சல்? அதைப் பெருமையாகவே சொல்லலாம். டிவியில் நீங்கள் அந்த ஒன்றைச் சரியாகச் சொன்னாலே பெரிய காரியம்.

---

துறைமுகத்துப்பொண்ணு (கடலூர் முதுநகர்)

பழம்பொருள் எனக்குத் தெரியாதுங்க, ஏலம் தெரியும். எங்கம்மா துறைமுகத்துல மீன் ஏலம் கூறுறவங்க. நான் பொறந்ததுலேர்ந்து அந்தக் குரல்லதான் கண்ணு முழிச்சிருக்கேன்.

போட்டு வந்ததும் மீனைக் கொட்டி, இனம் பிரிச்சுக் கூறு வைப்பாங்க. அம்மா ஒரு ஆரம்ப விலை சொல்லும். அப்புறம் அது வாயிலேர்ந்து வர்றதெல்லாம் யாவாரிங்க கேட்ட விலைதான். அந்த சங்கரா நல்லதா, நேத்து புடிச்சதான்னு அம்மா சொல்லாது. சொல்லத் தேவையும் இல்ல. சுத்தி நிக்கிறவங்க செவுளைத் தூக்கிப் பார்த்தாலே தெரிஞ்சுக்குவாங்க. ஒருத்தர் விரலை அசைப்பார், ஒருத்தர் புருவத்தைத் தூக்குவார், எதிர்ல நிக்கிறவருக்கே தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

உங்க மண்டபத்துல நிலைமை தலைகீழ். அங்க வந்து கேக்கிறவங்களுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாது. "எக்ஸ்பர்ட் ஐயா சொன்னாரே"ன்னுதான் கை தூக்குவாங்க. அப்ப அது ஏலமே இல்லீங்க, நீங்க சொன்ன விலைக்கு நீங்களே ஆள் சேர்க்கிறதுதான்.

இன்னொண்ணு. பெரிய யாவாரிங்க நாலு பேரு முன்கூட்டியே பேசி வச்சிக்கிட்டு ஒருத்தர் மட்டும் கேட்டு, மத்தவங்க வாயை மூடிக்கிட்டு நிக்கிறது உண்டு. அம்மா அதைக் கண்டுச்சுன்னா சண்டை போடாது. கூறைப் பிரிச்சுச் சின்னச் சின்னதா வச்சிடும். அப்ப கூடை தூக்கிக்கிட்டுப் போற பொம்பளைங்களும் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, விலை தன்னால ஏறிடும். உங்க ஏலத்துக்குச் சென்னையிலேர்ந்தும் காரைக்குடியிலேர்ந்தும் பழம்பொருள் யாவாரிங்க வருவாங்கல்ல? அலமாரியைப் பிரிச்சுக் கூறு போட முடியாதே. என்ன பண்ணுவீங்க?

---

ஈட்டிமரம்

அம்மா கேட்டதா வச்சுக்கிறேன் இந்தக் கேள்வியை. பதில் என்கிட்ட இல்ல, யோசிக்கிறேன்.

பாரிஸ் ஐயா, "கப்பல்ல வந்தது" விஷயத்துல நூத்துக்கு நூறு. மண்டபத்துல நான் எப்படிப் பேசுவேன்னு எழுதுறேன், பாருங்க. முத்தியால்பேட்டையில ஒரு வீட்டுல ஈட்டி அலமாரி. வீட்டுக்காரங்க முன்பக்கத்து வேலைப்பாட்டைக் காட்டுறாங்க. நான் முதல்ல கீழ் இழுப்பறையை வெளிய இழுத்துத் தலைகீழாக் கவிழ்த்தேன். மூலையில பலகை ஒண்ணோட ஒண்ணு கோர்க்கிற பல் ஒரே அளவா இல்லாம, ஒண்ணு அகலம் ஒண்ணு ஒடுக்கம். கையால வெட்டினது. அடிப்பலகையில ரம்பத் தடம் நேர்க்கோடா, கொஞ்சம் ஏறுக்குமாறா இருந்துச்சு. வட்ட ரம்ப மிஷின்ல அறுத்திருந்தா அரைவட்டம் அரைவட்டமா விழும். ஒரு திருகாணியைக் கழட்டினேன். தலையில இருந்த வெட்டு நடுவுல இல்ல, ஒரு பக்கம் ஒதுங்கியிருந்துச்சு. அதுவும் கையால அரம் போட்டது. முன்கதவுல இருந்த பூட்டு மட்டும் புதுசு, பின்பலகை ரெண்டு மாத்தினது. இதையெல்லாம் சொல்லிட்டுத்தான் விலைக்கு வருவேன்.

வட்ட மேசைன்னா இன்னும் சுலபம். டேப் வச்சு ரேகைக்கு நேராவும் குறுக்கவும் அளந்து பாருங்க. மரம் குறுக்கதான் சுருங்கும். பல வருஷம் ஆன வட்டம் துல்லியமான வட்டமா இருக்காது. ரெண்டு அளவும் பொட்டு வச்ச மாதிரி ஒண்ணா இருந்தா எனக்குச் சந்தேகம் வந்துடும்.

குழு சொல்றது, ஒரு பொருளுக்கு ரெண்டு நிமிஷம். இழுப்பறையைக் கவிழ்க்கவே ரெண்டு நிமிஷம் ஆகும்.

---

மஞ்சக்குப்பம்வக்கீல் (கடலூர்)

சட்டம் தெரியாமல் மேடை ஏறிவிடாதீர்கள் ஐயா. இங்கிலாந்து நிகழ்ச்சியை அப்படியே இங்கே இறக்க முடியாததற்குக் காரணம் பட்ஜெட் மட்டும் அல்ல.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் எல்லாம் அதில் வரும். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடி, ஆவணங்களுக்கு 75 ஆண்டே போதும். இவற்றை விற்கும் தொழிலை உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது. கல், உலோகச் சிற்பங்கள், ஓவியங்கள், சித்திரம் உள்ள சுவடிகள் வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மண்டபத்தில் ஒருவர் பூஜையறையிலிருந்து உலோகச் சிலையைக் கொண்டுவந்து, நீங்கள் "இது இருநூறு வருஷம்" என்று கேமராவில் சொல்லி, அடுத்த நிமிடம் ஏலம் விட்டால், குற்றத்துக்கான சாட்சியத்தை நீங்களே ஒளிபரப்பியதாக ஆகும்.

யானைத்தந்தம் மேடைக்கே வரக்கூடாது. 1986லும் 1991லும் வனவிலங்குச் சட்டத்தில் வந்த திருத்தங்களோடு அந்த வியாபாரம் முடிந்தது. தாத்தா காலத்துத் தந்தச் சீப்பு என்றாலும் அதுதான். பழைய துப்பாக்கி, ஆயுதச் சட்டம். மண்ணில் தோண்டியெடுத்தது எதுவானாலும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரிக்கமேட்டில் மழைக்குப் பிறகு பொறுக்கிய மணி என்று யாராவது டப்பாவைத் திறந்தால் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள்.

ஏலத்துக்கென்று தனியாக 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு உண்டு. சுத்தியல் விழும்வரை கேட்டவர் பின்வாங்கலாம். விற்பவர் தன் பக்கத்திலிருந்து விலை கேட்க வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் ஆள் வைத்துக் கேட்டால் வாங்கியவர் அதை மோசடி விற்பனை என்று சொல்லலாம். விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்டாலும் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்ய முடியும். "கூட்டத்தில் நம்மாட்கள் இரண்டு பேர் கை தூக்குவார்கள், விறுவிறுப்புக்காக" என்று தயாரிப்புக் குழு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

---

காசுப்பை (நெல்லிக்குப்பம்)

நாணயம் சேர்க்கிறவன் நான். எனக்குப் பயமெல்லாம் டிவியில சொல்ற ஒரு நம்பர் ஊருக்குள்ள என்ன பண்ணும்னுதான்.

பிரெஞ்சு இந்தியக் காசுல தூதுன்னு ஒரு செப்புக்காசு உண்டு. ஒரு பக்கம் லில்லிப்பூ, மறுபக்கம் தமிழ்ல புதுச்சேரின்னே எழுதியிருக்கும். கைல வாங்கினா சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, தடிப்பு ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைச்சல், எழுத்துல பாதி தகட்டுக்கு வெளிய போயிருக்கும். எனக்கு உசுரு அது. ஆனா அபூர்வமில்ல, நாணயக் கண்காட்சியில சாதாரணமாக் கிடைக்கும். நீங்க ஒரு நல்ல காசைப் பார்த்து மேடையில பெரிய தொகை சொன்னீங்கன்னா, மறுநாள் தேங்காய்த்திட்டுலேர்ந்து நெட்டப்பாக்கம் வரைக்கும் தூது வச்சிருக்கிறவன் எல்லாம் லட்சாதிபதின்னு நினைப்பான். அதை எதிர்பார்த்து ஒரு கூட்டம் காத்துக்கிட்டிருக்கும். "உங்க காசை நாங்க வாங்கிக்கிறோம், முதல்ல கமிஷன் கட்டுங்க"ன்னு போன் வரும். டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டை வச்சு எத்தனை பேரை ஏமாத்தினாங்க? 2021ல ரிசர்வ் வங்கியே, எங்க பேரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயத்துக்குக் கமிஷன் கேக்கிறவங்களை நம்பாதீங்கன்னு அறிவிப்பு விட்டுச்சு.

அதைவிட மோசம், ராமர் பட்டாபிஷேகம், அனுமார் போட்டு 1818னு தேதி வச்ச கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே இல்ல. எல்லாம் பிற்காலத்துல செஞ்ச வில்லை. அதை அரிசியை இழுக்கிற காசுன்னு சொல்லி, வீட்டை வித்துப் பணம் கட்டினவங்க நம்ம மாவட்டத்துல உண்டு. உங்க நிகழ்ச்சியில முதல் வாரமே அந்தக் காசு வரும், எழுதி வச்சுக்கோங்க. வந்தா வெட்டி எடுக்காம ஒளிபரப்பணும். கொண்டுவந்தவர் முகத்தைக் காட்ட வேணாம், காசை மட்டும் பெரிசாக் காட்டி, இது ஏன் பொய்னு சொல்லுங்க. என்னைக் கேட்டா அந்த ஒரு எபிசோடுக்காகவே நீங்க ஒத்துக்கணும்.

---

திருப்பாப்புலியூர்வாசி (கடலூர்)

எல்லாரும் அவரைப் பயமுறுத்தியே அனுப்பிடுவீங்க போல.

இப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க. வாசல்ல ஒருத்தர் சைக்கிள்ல வந்து "பழைய சாமான் இருக்காம்மா"ன்னு கேப்பார். எங்க பாட்டி வீட்டு பெல்ஜியம் கண்ணாடி, அதோட சுவர்க்கடிகாரம், ரெண்டும் அப்படித்தான் போச்சு. கடிகாரம் ஓடலன்னு சொல்லி அதைச் சும்மாவே தூக்கிட்டுப் போனார். பாட்டிக்கு அதோட மதிப்புச் சொல்ல ஆளில்ல, பேரம் பேசப் போட்டியில்ல, பார்க்கச் சாட்சியில்ல. அதோட ஒப்பிட்டா நூறு பேர் நடுவுல, கேமரா முன்னால நடக்கிற ஏலம் எவ்வளவோ மேல். விலை சொல்றவரும் ஏலம் விடறவரும் ஒருத்தரா இருந்தா இருக்கட்டுமே. வாசல்ல வந்தவர் விலை சொன்னார், அவரே வாங்கினார், அவரே வித்தார். அதைக் கேக்க ஒரு நாதியும் இல்லயே.

அப்புறம், விலையே சொல்லாம அறிவு மட்டும் சொன்னா யார் உட்கார்ந்து பார்ப்பா? விலைக்காக உட்கார்றவன்தான் நடுவுல ரம்பத் தடத்தையும் கேட்டுக்குவான்.

---

கேமராவுக்குப்பின்

விலைக்காகத்தான் உட்கார்வாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கேமரா இருந்தா நியாயம் தானா வந்துடும்னு நம்பாதீங்க அண்ணே. அமெரிக்காவுல அதே ரோட்ஷோ 1997ல பிபிஎஸ்ங்கிற சேனல்ல ஆரம்பிச்சுது. அதுல வந்த ராணுவப் பழம்பொருள் நிபுணர்கள் ரெண்டு பேர், முன்னாலயே ஏற்பாடு பண்ணின ஒரு ஆளை வாளோட கொண்டுவந்து நிறுத்தி, அப்பதான் முதல்முறையாப் பார்க்கிற மாதிரி வியந்து மதிப்புச் சொன்னாங்க. அதைப் பார்த்து இவங்களை நம்பினவங்க வந்தாங்க. உள்நாட்டுப் போர்த் தளபதி ஒருத்தரோட வாரிசுகிட்டயே பொருளைக் குறைஞ்ச மதிப்புச் சொல்லி வாங்கி, பெரிய விலைக்கு வித்தாங்க. கடைசியில கோர்ட்டுல தண்டனை ஆச்சு. டிவியில கிடைச்ச முகத்தை வச்சுக் கடைக்கு ஆள் பிடிச்சதுதான் அங்க நடந்த குற்றம்.

ஈட்டிமரம் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல. ஆனா நிகழ்ச்சி ஓடின மறுநாள் அவர் கடை வாசல்ல பத்துப் பேர் சாமானோட நிப்பாங்க. அப்ப அவர் வாங்கினாலும் பேச்சு வரும், வாங்காம அனுப்பினாலும் வரும்.

---

சுவடிக்கட்டு (புதுச்சேரி)

ஆவணக் காப்பகப் பணியில் இருப்பவள் என்பதால் ஒரு கோரிக்கை. பொருளைக் கொண்டுவருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?" அதை ஒவ்வொருவரிடமும், கேமரா ஓடும்போதே கேளுங்கள்.

1955இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. ஊர் ஊராகப் போய் எடுத்தவை. எடுத்த காலத்தில் அது கலை வரலாற்று ஆய்வு. பிறகு சிலைகள் காணாமல் போனபோது, வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் நின்ற சிலை எந்த ஊருடையது என்று காட்ட அந்தக் கறுப்புவெள்ளைப் படங்களே ஆதாரமாயின. ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பி வந்தார். அதற்கும் முன்னால் பத்தூர் நடராசருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி, 1991இல் மீட்டு வந்தோம். 1983லிருந்து தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுக்கென்றே தனிக் காவல் பிரிவு இயங்குகிறது.

ஆகவே சிலை வந்தால் விலை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. ஓலைச்சுவடிக்கும் அப்படியே. எங்கள் ஊரிலுள்ள சைவ சமயச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றது. வீட்டுப் பரணில் கிடக்கும் கட்டு மருத்துவச் சுவடியா, கணக்கு ஓலையா என்று படிக்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். விலை சொன்ன மறுகணம் கட்டைப் பிரித்து, படம் உள்ள ஏட்டைத் தனியாக விற்பார்கள். அதன் பிறகு அது நூலாக இருக்காது.

இன்னொன்றும் சொல்லுங்கள், மன்றாடிக் கேட்கிறேன்: கொண்டுவருவதற்கு முன்னால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். செம்பிலும் வெண்கலத்திலும் படிந்திருக்கும் கருமையும் பச்சையும்தான் வயதைப் படிக்க உதவும். பளபளவென்று கொண்டுவந்தால் பாராட்டு கிடைக்கும் என்று நினைத்து அதைத்தான் முதலில் தேய்த்து எடுக்கிறார்கள்.

---

ஈட்டிமரம்

எல்லாத்தையும் படிச்சு, குழுவோட ரெண்டு தடவை உட்கார்ந்து பேசிட்டேன். என்ன சொன்னேன், என்ன ஆச்சுன்னு எழுதுறேன்.

மதிப்புச் சொல்ற வேலை மட்டும் செய்றேன், சுத்தியலைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். திருப்பாப்புலியூர் அண்ணன் சொன்ன நியாயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சுது. வாசல்ல நடக்கிற கொள்ளையைவிட மேடை மேல்தான். ஆனா வாசல்ல வர்றவரை யாரும் நிபுணர்னு நம்பல. என்னை நம்பி நிப்பாங்க, அந்த நம்பிக்கைக்கு வேற கணக்கு.

நிகழ்ச்சியில வந்த எந்தப் பொருளையும் என் கடையோ என் வீட்டாரோ வாங்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்தேன். அதைத் திரையிலயும் போடணும்னு கேட்டேன், சரின்னாங்க. பொருள் ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம் வரைக்கும் எடுத்துக்கலாம்னு இறங்கி வந்தாங்க. விலையை ஒத்தை நம்பரா சொல்லாம, "ஏலத்துல இதுலேர்ந்து இதுவரைக்கும், கடையில வாங்கினா இவ்வளவு"ன்னு ரெண்டாச் சொல்வேன். யாவாரி வாசல்ல குறைச்சுக் கேட்டா எதிர்த்துப் பேச அந்த ரெண்டு விலையும் கையில இருக்கணும். சிலை, சுவடி, தந்தம், தோண்டினது எதுவும் விலைக்கு வராது. வக்கீல் சார் சொன்னபடி நூறு வருஷத்தைத் தொடுற எதுவும் ஏலத்துக்குப் போகாது. அதைப் பத்திப் பேசிட்டு, எங்க பதியணும்னு சொல்லி அனுப்பிடுவோம். அப்ப ஏலத்துக்கு மிஞ்சுறது 1930க்கு இந்தப் பக்கம் வந்த மேசை, நாற்காலி, பீங்கான், கடிகாரம், ரேடியோ. அது போதும். வீட்டுல கிடந்து வீணாப் போறதுல முக்கால்வாசி அதுதான்.

ஏலம் ஒரு வாரம் கழிச்சு, முந்தின நாள் பொருளையெல்லாம் பரப்பி வச்சு, யாரு வேணா தொட்டுப் பார்க்கிற மாதிரி. த்ருவோ கதையைத்தான் அப்படியே சொன்னேன். செலவுக்கு முகம் சுளிச்சாங்க. ரெண்டு ஊர்ப் பொருளைச் சேர்த்து ஒரே ஏலமா வைக்கலாம்னு நான் சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. யாவாரிங்க பேசி வச்சிக்கிறதுக்கு மருந்து, அலமாரியைக் கூறு போட முடியாது, ஆனா ஊர்ச்சனத்தை உள்ள விடலாம். ஏலத்துல கலந்துக்க முன்னால கட்டுற முன்வைப்புத் தொகையைக் குறைவா வைக்கச் சொல்லியிருக்கேன். சொந்தக்காரர் இதுக்குக் கீழ தரமாட்டேன்னு ஒரு அடிவிலை எழுதிக் கொடுப்பார், அது எட்டலன்னா பொருள் வீட்டுக்குத் திரும்பும்.

ராமர் காசு எபிசோடு உறுதி. காசுப்பை தம்பி, நீங்கதான் வந்து சொல்லணும்.

ஒத்துக்காத ஒண்ணு: மதிப்புச் சொல்றதுக்கு முன்னால பின்னணியில முரசு அடிக்கிறதை நிறுத்த மாட்டாங்களாம். போகட்டும்.

இனி ஏலம் கூற ஆள் தேடுறாங்க. சினிமா முகம் ஒண்ணைச் சொன்னாங்க. நான் வேற பேரு சொல்லியிருக்கேன். துறைமுகத்துப்பொண்ணு, உங்கம்மா வருவாங்களா?

---

மஞ்சக்குப்பம்வக்கீல்

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள் ஐயா: நீங்கள் சொன்ன மதிப்பையும் "இது தெரியவில்லை" என்று நீங்கள் சொன்னதையும் எடிட்டிங்கில் மாற்றவோ நீக்கவோ கூடாது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.

---

துறைமுகத்துப்பொண்ணு

அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். முதல்ல "எனக்கு அலமாரியைப் பத்தி என்ன தெரியும்"னு சொல்லுச்சு. தெரியாததாலதான் கூப்பிடுறாங்கன்னு விளக்கினேன். அப்புறம், கேக்கிறவங்க முகம் தெரியுற மாதிரி விளக்கைத் தன் கண்ணுல அடிக்காம திருப்பி வைப்பாங்களான்னு கேக்கச் சொல்லுச்சு. அதுக்குச் சரின்னா வருமாம். ஆனா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்ல மட்டும்தான். மத்த நாள்ல விடியக்காலம் அதுக்குத் துறைமுகத்துல வேலை இருக்கு.